விரிப்பு போடும் வியாழக்கிழமை

"எழுபத்தொண்ணு!" என்று குளத்தோரத்திலிருந்து கத்தினான் கொன்ராத்.

சமையலறை ஜன்னலுக்கு உள்ளே மரியெல் புளூபெர்ரிப் பழங்களை அலசிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் காற்றின் சூட்டைச் செல்சியஸில் சொல்வார்கள். குளத்துத் தண்ணீரின் சூட்டை மட்டும் பழைய ஃபாரன்ஹீட்டில்தான் சொல்வார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"நேத்து எழுபத்திரண்டுன்னு சொன்ன?"

"நேத்து நீ கால நனைச்சே. அந்தச் சூடு."

"போடா கிழவா."

"வாடி கிழவி. ஒரே ஒரு தடவ இறங்கிப் பாரு."

"எண்பது ஆகட்டும், வரேன்."

"எண்பது ஆனா அது குளமில்ல, சூப்பு."

மரியெல் சிரித்துக்கொண்டே ஜாம் புட்டிகளை எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். புட்டிகள் கிடைத்தன, மூடிகள் பொருந்தவில்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்ததில் பத்து நிமிடம் போயிருக்கும். மேலே வந்தபோது கொன்ராத் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். மார்பளவு தண்ணீர். தலை குனிந்திருந்தது. தெர்மாமீட்டர் கயிறு விரலில் சுற்றியிருந்தது. தெர்மாமீட்டரைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

அது ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை. குளத்தில் தண்ணீர் நிரம்பி இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

கொன்ராத் முப்பத்து நாலு வருடம் அலுமினிய ஆலையில் உலைக்கு முன்னால் நின்றவன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாளே சொன்னான்: "இத்தனை வருஷம் நெருப்பு முன்னால நின்னாச்சு. மிச்ச நாள் தண்ணியில நிக்கணும்."

"வருஷத்துல ரெண்டு மாசம் நிப்ப. மிச்சப் பத்து மாசம் பனிக்கட்டிய வேடிக்கை பாப்பியா?"

"ரெண்டு மாசம் போதும். உலை முன்னால ஒரு நாள்கூட நான் ஆசைப்பட்டு நிக்கல."

அந்தத் தெருவில் குளம் இல்லாத வீடுதான் குறைவு. ஆனால் எல்லாம் தரைக்கு மேலே நிறுத்தி வைத்த வட்டத் தொட்டிகள். கொன்ராத்துக்கு அது பிடிக்கவில்லை. தோண்டிக் கட்டிய குளம் வேண்டும், படி வைத்து இறங்க வேண்டும். மரியெல் மூன்று வருடம் வேண்டாம் என்றாள். முதல் வருடம் கூரை ஒழுகுகிறது என்றாள். அடுத்த வருடம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்றாள். மூன்றாம் வருடம் காரணம் தீர்ந்துவிட்டது. தீர்ந்தது கொன்ராத்துக்கும் தெரிந்துவிட்டது.

அவன் திட்டம் போட்டதெல்லாம் குளிர்காலத்தில்தான். பிப்ரவரியில் கால் புதையாத அகலப் பனிக்காலணி மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போவான். இடுப்பளவு பனிமேல் நடந்து நடந்து குளத்தின் அளவுக்கு ஒரு நீள்சதுரம் மிதித்து வைப்பான். மறுநாள் புதுப் பனி விழுந்து அதை மூடிவிடும். வேறு கோணத்தில் மறுபடி மிதிப்பான். அடுத்த தெருவில் இருந்த அவன் தம்பி ரொசேர் வந்தால், கையில் பியரோடு சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க வீட்டு மாட்டைக் கட்டிப் போடுங்க, தொழுவம் தேடி அலையுது" என்பான்.

ஏப்ரல் வந்தால் இன்னொரு வேலை. கொல்லையில் பனி எந்த இடத்தில் முதலில் கரைகிறது என்று பார்ப்பான். "வெயில் எங்க அதிக நேரம் நிக்குதுன்னு பனிதான் சொல்லும். காகிதத்துல வரைஞ்சா பொய் சொல்லும்." தரை முதலில் கண் திறக்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைப்பான். மூன்று வருடமும் வடக்கு வேலிக்குப் பக்கத்தில், ஆப்பிள் மரத்துக்கு நாலடி தள்ளி, அதே இடம்தான். "படி இங்க வருது" என்று முடிவு செய்தான்.

அந்த மூன்றாம் வருட மார்ச்சில் கூரையில் ஏறிப் பனி தள்ளும்போது அவன் நெஞ்சை யாரோ மிதித்த மாதிரி இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, வேர்த்து, மரியெல் கொடுத்த தண்ணீரைக் குடித்து, "வயசாயிடுச்சு, கூரைக்கு" என்றான். டாக்டர் கேட்டுவிட்டு, ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பட்டியல் நீளம். செப்டம்பர் இருபத்து மூன்று என்று கடிதம் வந்தது. நடுவில் யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள் என்றும் அதில் போட்டிருந்தது.

மே கடைசியில் தரை உறைபனி விட்டதும் தோண்டினார்கள். கீழே சாம்பல் நிறக் களிமண், தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ரொசேர் சின்னத் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு, கோயில் சாமான்கள் ஒன்றுவிடாமல் பேர் சொல்லித் திட்டினான். அந்த ஊர் வசவு அப்படித்தான். ஜூன் முழுக்க மழை. இரும்புச் சுவர் நிறுத்துவது பதினைந்து நாள் தள்ளிப்போனது. கொல்லையில் இரண்டு ஆள் உயரக் களிமண் மேடுகள். சமையலறை, கூடம், குளியலறை எங்கும் காலடிச் சேறு. மரியெல் ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்குள் ஏதோ இறுகிக்கொண்டே வந்தது.

கட்ட வந்த ஜெர்வே கறாரான ஆள். "அடித்தளம் பூசி முடிச்சதும், தண்ணி ஒழுகாம இருக்க பிளாஸ்டிக் விரிப்பு. ஜூலை பதினேழு, வியாழன். அன்னிக்கு நீங்களும் கூடப் பிடிச்சு விரிச்சு, அன்னிக்கே லாரித் தண்ணி விட்டாகணும். தண்ணி உள்ள இல்லன்னா வெளித் தண்ணி சுவரைத் தள்ளிடும். அந்த நாள் போச்சுன்னா என் ஆளுங்க ரெண்டு வாரம் லீவு. ஊரே லீவு. அப்புறம் வரிசையில நீங்க கடைசி. ஆகஸ்ட் முடிவுல விரிச்சு, செப்டம்பர்ல குளிருக்கு மூடவேண்டியதுதான்."

கொன்ராத் நாட்காட்டியில் அந்தக் கட்டத்துக்குள் எழுதினான்: விரிப்பு. வெயில் வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மரியெல் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்.

"ஒருத்தர் வரலைன்னுட்டாங்க மேடம். வியாழக்கிழமை பத்து மணிக்கு இடமிருக்கு. உங்க வீட்டுக்காரர் வருவாரா?"

ஜன்னலுக்கு வெளியே கொன்ராத் குழிக்குள் முழங்காலிட்டு அடித்தளத்தைக் கரணையால் தடவிக்கொண்டிருந்தான். தொப்பி மட்டும்தான் தெரிந்தது. ராகம் தப்பி ஏதோ பாட்டு. குழியின் மறுமூலையில் ரொசேர்.

"வியாழக்கிழமையா?" என்றாள் மரியெல். "அவசரமா இருக்குமா?"

"அது எனக்குத் தெரியாது மேடம். என்கிட்ட பட்டியல் மட்டும்தான் இருக்கு."

"வியாழக்கிழமை அவரால முடியாது."

"சரி. அப்ப செப்டம்பர் இருபத்து மூணு அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்கு இருவரும் உள்ளே வந்தார்கள், பட்டாணி சூப் ஊற்றினாள். "யார் போன்ல?" என்று கொன்ராத் கேட்டான். "தப்பான நம்பர்" என்றாள்.

அவள் சொல்லாமல் விட்டதற்கு அப்போது நினைத்த காரணம், அவனுக்காக என்பது. மூன்று வருட ஆசை, அதைக் கெடுப்பானேன். அப்படி நினைத்ததும் பொய்யில்லை. ஆனால் போனை வைத்த கணத்தில் அவள் கண் போன இடம் கொன்ராத்தின் தொப்பி இல்லை, அந்தக் களிமண் மேடுகள். செப்டம்பர் வரை இந்தச் சேறா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இதைத்தான் பின்னால் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. நீல விரிப்பு சுருக்கமில்லாமல் படிந்தது. நாலு லாரித் தண்ணீர். மாலையில் கொன்ராத் ஐம்பத்தெட்டு டிகிரியில் குதித்து, அலறி, மறுபடி குதித்தான்.

ஆகஸ்டில் கொன்ராத்தின் அடக்கம் முடிந்து மாதா கோயில் கூடத்தில் ஓரம் வெட்டிய சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அவனுக்குக் குளமாவது கிடைத்தது. ரொசேர் அழுது சிவந்த முகத்தோடு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அண்ணி மட்டும் வேண்டாம்னு நின்னிருந்தா அவன் அந்த மாட்டு நடையே நடந்து செத்திருப்பான். அவன் ஆசைய நிறைவேத்தி அனுப்பினது அண்ணிதான்." மரியெல்லின் கையில் சாண்ட்விச் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வரை எடுத்து வந்தாள்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். இருபத்து மூன்றாம் தேதி இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள். அதே குரலா வேறு குரலா தெரியவில்லை. "சொன்னதுக்கு நன்றி மேடம். நிறையப் பேர் சொல்றதே இல்ல" என்றது.

மாதக் கடைசியில் குளிர்காலத்துக்காகக் குளத்தை மூட ரொசேர் வந்தான். குழாய்களில் கிடந்த தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றினான். உறையாமலிருக்க இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றினான். தண்ணீரை ஒரு முழம் இறக்கினான். மரியெல் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்துக்கொண்டு படியருகே நின்றாள்.

"முழுசா இறைச்சிடு ரொசேர். ஒரு சொட்டு இருக்கக் கூடாது. வசந்தத்துல மண்ணைப் போட்டு மூடிடலாம்."

"பைத்தியமா அண்ணி? ஜெர்வே சொன்னது மறந்துடுச்சா? காலி பண்ணினா பனி கரையறப்ப சுவர் உள்ள விழும். இருக்கட்டும். ஆசையா கட்டினான். அடுத்த வருஷம் நீங்க இறங்குவீங்க. நான் கையப் புடிச்சு இறக்கறேன்."

"ரொசேர்."

"ம்."

"ஜூலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. இடம் இருக்கு, வான்னாங்க. விரிப்பு போடற வியாழக்கிழமை. நான் முடியாதுன்னுட்டேன். அவன்கிட்ட சொல்லல."

ரொசேர் காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்தினான். கையில் இருந்த குழாயைப் பார்த்தான், அதை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"எப்ப கூப்பிட்டாங்க?"

"திங்கட்கிழமை. நீங்க ரெண்டு பேரும் பூசிட்டிருந்தீங்க."

"நான் குழியில இருந்தேன்."

"ஆமா."

"ஜன்னல்லேர்ந்து பத்தடி. ஜன்னலத் திறந்து ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? அவன்கிட்ட சொல்லலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேனே."

"அவன் போயிருக்க மாட்டான்" என்றாள் மரியெல். சொன்ன உடனே தலையை ஆட்டினாள். "தெரியாது. அத அவன்தான் சொல்லியிருக்கணும். நான் சொல்லிட்டேன்."

"இப்ப ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"நீ என்னைப் புகழ்ந்துட்டே இருக்க. தாங்கல."

ரொசேர் குழாயை மறுபடி எடுத்தான். பிறகு வேலையைத் தொடர்ந்தான். மூடுதுணியை இழுத்துக் கட்டினான், ஓரத்து எடைப் பைகளில் தண்ணீர் நிரப்பினான், ஒவ்வொன்றையும் காலால் அழுத்திப் பார்த்தான். கிளம்பும்போது அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "இத்தனை நாள் நீங்க ஒருத்தர் சுமந்தீங்க. இப்ப நானும் சுமக்கணும். நல்ல வேலை பண்ணினீங்க அண்ணி."

வெள்ளிக்கிழமைதோறும் சீட்டாட வருகிறவன் அந்த வெள்ளி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு இறைச்சி அடைத்த அப்பம் சுட்டு அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது, அவள் வாசலில். எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றும் இல்லை.

ஆனால் பனி விழுந்த காலைகளில் அவள் எழுந்து பார்க்கும்போது கார் நிற்கும் வழி துப்புரவாக இருந்தது. ஒரு நாள் சீக்கிரம் எழுந்து பார்த்தாள். ரொசேர்தான், பனி தள்ளும் இயந்திரத்தோடு. ஜன்னலில் அவள் நின்றதை அவன் பார்த்தான். கையசைக்கவில்லை. வழியை முடித்து, வாசற்படியையும் மண்வாரியால் சுரண்டி, உப்புத் தூவிவிட்டுப் போனான். குளிர்காலம் முழுக்க அப்படித்தான். மன்னித்தானா என்று அதைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

புது நாட்காட்டி வந்தும் பழையதை அவள் கழற்றவில்லை. ஜூலை பக்கத்திலேயே அது நின்றது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கடைசிப் பனி ஈரமாக விழுந்து ஓய்ந்த காலையில், ரொசேர் வழியைத் தள்ளி முடித்துவிட்டுப் போகாமல் வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் வந்தான். கொல்லை முழுக்க இன்னும் முழங்கால் பனி. மரியெல் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வடக்கு வேலிப் பக்கம் கையை மட்டும் நீட்டினான்.

ஆப்பிள் மரத்துக்கு நாலடி தள்ளி, குளத்தின் படி இருக்கிற மூலையை ஒட்டி, ஒரு தட்டு அளவுக்குத் தரை தெரிந்தது.