கக்கூஸ் குழியில் ஒரு தாழி

இடுப்பளவு தோண்டியதும் கடப்பாரை எதிலோ இடித்தது. கல்யாணமாகிப் பெருங்கடவிளைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் பிரேமகுமாரியின் நாக்குத் தேய்ந்து, ஒருவழியாகத் தொண்ணூற்று நாலில் வெட்டத் தொடங்கிய கக்கூஸ் குழி அது. அதற்குள்ளா இந்தச் சவம் பிடித்த தாழி வந்து கிடக்க வேண்டும்! புருஷன் பொன்னப்பன் புதையல் என்று கையை விட்டான். கிடைத்தது துருப்பிடித்த இரும்பும் யாருடையதோ முழங்கால் எலும்பும். அலறி ஏறியவன் குளித்து முடிக்கவே மத்தியானமானது.

செய்தி பரவி, நகரத்திலிருந்து தொல்லியல் பேராசிரியர் விஜயதாஸ் வந்து குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

"இனி ஒரு பிடி மண் எடுக்கப்படாது. டெல்லியில இருந்து அனுமதி வரணும். ஆறு மாசம் ஆவும்."

பிரேமகுமாரிக்கு வயிறு எரிந்தது. விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்கு ஓடுகிற பாடு அவளுக்குப் பழகிவிட்டது. இப்போது மகள் ஆர்யாவும் பெரியவளாகிக் கூடவே ஓடுகிறாள். ரப்பர் பால் வெட்ட வருகிறவன் டார்ச் அடித்தால் இரண்டு பேரும் மரத்தோடு மரமாக ஒட்டி நிற்க வேண்டும்.

"செத்தவனுக்கு இருக்க ஒரு எடம் உண்டு. எங்களுக்கு இல்லியா சாரே?"

சார் கோபப்படவில்லை, பாடம் எடுத்தார். "ஆதியில தோண்டினவங்களும் உங்க வீட்டுக்காரரப் போல தங்கத்தத்தான் தேடினாவ. பிறகு, எது எந்த மண்ணடுக்குல கெடக்குன்னு பாத்தாவ. அடியில கெடக்கது பழசு. அதுவும் போதாம, சாதாரண சனம் என்ன தின்னுது, எப்படி வாழ்ந்துதுன்னாக்கும் இப்போ கேள்வி. பழைய கக்கூஸ் குழி ஒண்ணு கெடச்சா எங்களுக்கு அதுதான் தங்கம்."

பிரேமகுமாரி தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டாள்.

"அப்போ எங்க தங்கம் எங்க கெடக்குன்னு தெரியுமா சாரே? அந்த ரப்பர் தோட்டம் பூரா செதறிக் கெடக்கு. ஒரு மழையில போயிரும். அத ஒரு எடத்துல சேத்து வைக்கணும்னாக்கும் இத்தன வருசமா நான் தலையில அடிச்சிட்டு கெடக்கேன்!"

பொன்னப்பன் தலையைத் தொங்கப் போட்டான். சாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது முகம் என்னவோ போலாகிவிட்டது. நேரே நெய்யாற்றின்கரைக்குப் போய் டெல்லிக்கு போன் போட்டுக் கத்தினார். அந்த வாரமே அனுமதி வந்தது. மாணவர்களோடு இறங்கி, அளந்து, படமெடுத்து, தாழியை வைக்கோல் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்.

ஜீப் முக்குத் திரும்புமுன்னே பொன்னப்பன் குழிக்குள் இறங்கினான். பிரேமகுமாரி மேலே நின்று சொன்னாள்:

"நல்லா ஆழமா வெட்டும், ஆர்யாக்க அப்பா. நாளைக்குத் தோண்டிப் பாக்கியவன், இந்த வீட்டுப் பொம்பளையளுக்கு ஒரு குழிக்குக்கூட கதியில்லாம இருந்துன்னு சொல்லப்பிடாது."