நாலாம் நம்பர்

விசில் காதைக் கிழித்தது. விடுதி அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த அம்மாவும் இரண்டு பெண்களும் பதறி எழுந்தார்கள். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டித் திட்டினார்.

"ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில்! கிளம்பு, கிளம்பு!" என்றார் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பழகிய மனிதர். பெற்ற பிள்ளைகளுக்கும் விசில்தான்.

"நம்மள ராணுவத்துல சேர்த்துட்டாங்க. நமக்குத்தான் சொல்லல" என்றாள் சின்னவள். பெரியவள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

மாஸ்டரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள், போன மாதம்தான் திரும்பியிருந்தாள். "இருக்கேனா செத்தேனான்னு கூடக் கேட்காத மனுஷனோட என்ன குடித்தனம்?" என்று அங்கே அவள் கேட்டபோது, அழைக்கப் போன மாஸ்டர் தலைகுனிந்து நின்றார். "இனிமே கவனிச்சுக்கறேன். எல்லாருமா மலைக்குப் போவோம், வந்து பாரு" என்றார். பார்க்கத்தான் வந்திருந்தாள். இதில் அவர் தேறினால் குடித்தனம். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு மாடியறை.

பாதி மலைவரை அவர் நன்றாகவே தேறினார். ஓடை தாண்டும்போது கை கொடுத்தார். கேட்காமலே அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "மூச்சு வாங்குதா?" என்று வேறு விசாரித்தார். அவளுக்கு நம்பக்கூட ஆசையாக இருந்தது.

பிறகு மேகம் இறங்கியது. முன்னே போகிறவர் முதுகு தெரியவில்லை. மாஸ்டர் தன் வழக்கப்படி விசில் ஊதினார். ஊதினால் ஆளுக்கொரு நம்பர் சொல்லவேண்டும். ஒன்று அவர், இரண்டு பெரியவள், மூன்று சின்னவள், நாலு அவள். நம்பர் வந்தால் ஆள் வந்த கணக்கு. திரும்பிப் பார்க்கும் சிரமம் இல்லை.

"நாலு!" என்று கத்திவிட்டு அடுத்த அடி வைத்தாள். கல் புரண்டது. கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க!" என்று கூப்பிட்டாள். மேலிருந்து வீசிய எதிர்காற்று அதை அவள் வாயிலேயே திருப்பித் திணித்தது.

மறுபடி விசில். போன உயிர் வந்தது. நாலு வராவிட்டால் இறங்கி வந்துவிடுவார்.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

"நாலு!"

கட்டையாக்கிய குரல். தன் நம்பரைத் தானில்லாமலே யாரோ சொல்ல, அவள் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சுச் சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, பாறையைப் பிடித்துப் பிடித்து அவள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மாஸ்டர் கேமராவை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மகாராணி! நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்காக்கும்?" என்று சிரித்தவர், வீங்கிய காலைப் பார்த்ததும் சட்டென்று மண்டியிட்டு ஷூ கயிற்றைத் தளர்த்தினார். அந்த விரல்களின் பதமே அவள் கோபத்தைப் பாதி கரைத்தது. மீதியைப் பெரியவள்மேல் காட்டினாள்.

"ஏண்டி, என் நம்பரை நீ எதுக்குடி சொன்னே?"

பெரியவள் உடைந்து அழுதாள். "நீ பின்தங்கினா அப்பா கத்துவாரும்மா. அவர் கத்தினா நீ மறுபடி மாமா வீட்டுக்குப் போயிடுவே."

குருவி தலையில் பனங்காய். அவள் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பாவம், அந்த மனுஷன்தான் என்ன செய்வார்? பிள்ளை ஏமாற்றினால் யாரும் ஏமாறத்தானே செய்வார்கள்? மாடியறையை மனத்துக்குள் பூட்டிச் சாவியைக்கூடத் தூக்கி எறியப் போனாள்.

மாஸ்டர் மகளின் தலையைத் தாராளமாகத் தடவிக் கொடுத்தார்.

"பிள்ளையை ஏன் திட்டறே, விடு. பெத்த பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? நீ பின்னால இல்லைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. மேகம் உச்சியையும் மூடறதுக்குள்ள இங்க ஒரு போட்டோ எடுத்தாகணுமே, அதான்!"