தேரி மணலும் கற்பூரச் சத்தியமும்

என் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தூத்துக்குடியில் இப்போது பால் வாங்கப் போனால்கூட, "அண்ணாச்சி, வண்டி மணல்ல இருந்து வந்துட்டா?" என்று கேட்கிறார்கள். குறை மணலில்தான் இருந்தது.

என் பெயர் காசிலிங்கம். பாளையங்கோட்டை ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு எஸ்யூவி எடுத்தேன். பின்கதவில் வெள்ளி எழுத்தில் ஏ.டபிள்யூ.டி. என்று போட்டிருக்கும். நாலு சக்கரத்துக்கும் பவர் போகும் என்று அர்த்தம். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதில் பனி, சேறு, மணல் என்று மூன்று படம். தூத்துக்குடியில் பனிக்கு எங்கே போக என்று கேட்கக் கூடாது. கொடுத்த காசுக்கு எல்லாம் சேர்த்துத்தான் தருவார்கள்.

வண்டி எடுத்த அன்றைக்கு என் தங்கை சரண்யாதேவியும் அவள் புருஷன் தளவாயும் ஷோரூமுக்கு வந்திருந்தார்கள். தளவாய்க்கு முள்ளக்காடு பக்கம் உப்பளம். அங்கே வரப்பில் ஓட்டுவதற்கு ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறான். அதன் ஒரு கதவு கயிற்றை நம்பித்தான் நிற்கிறது. நாங்கள் புது வண்டிக்கு மாலை போட்டு, தட்டில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மனுஷன் வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான்.

"மச்சான், ரோட்டுக்கு நல்ல வண்டி. மழைத் தண்ணிக்கும் குறை சொல்ல முடியாது. ஆனா நெசமான ஃபோர் பை ஃபோர் இல்ல. முன் சக்கரம் வழுக்குனாத்தான் கம்ப்யூட்டர் மனசு வச்சுப் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் குடுக்கும். லோ கியரும் கிடையாது. நம்ம தேரிக்குள்ள மட்டும் விட்டுராதிய."

வண்டி விற்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தளவாய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பிள்ளை சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓட்ட ஜீப்ப வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துதியா மாப்ள? உன் குலதெய்வம் சாஸ்தா மேல சத்தியமாச் சொல்லுதேன். இனி செத்தாலும் உன் ஜீப்புல ஏற மாட்டேன்" என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கற்பூரத்தை அடித்துச் செய்த சத்தியத்தை மீறினவன் உருப்பட்டதில்லை. சொத்துத் தகராறில் அடிப்பார்கள், களவுப் பேச்சில் அடிப்பார்கள். புது வண்டிக்கு ஏற்றிய கற்பூரத்தை அடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கை கொப்பளித்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. என் பெண்டாட்டி செல்வராணிதான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "புத்தி கெட்ட மனுசன்" என்று திட்டிக்கொண்டே மருந்து தடவினாள்.

நாலு மாதம் ஓடியது. மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சரண்யாவின் மகள் சந்தனச்செல்விக்குக் காதுகுத்து வைத்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து என் தங்கைக்குப் பிறந்த பிள்ளை. பிறந்த சேதி போனில் வந்தபோது நான் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் கம்மோடு மேல் உட்கார்ந்து அழுதேன். வாங்க வந்தவர்கள் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சரண்யாவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பதால் அதற்குள் குத்தி முடிக்க வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். இடம், தளவாய் வீட்டுச் சாஸ்தா கோயில். அது திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்குள் இருக்கிறது. தேரி என்றால் மேடு மேடாகக் கிடக்கிற சிவப்பு மணல்காடு. தார் ரோட்டிலிருந்து கோயிலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.

"எல்லாரும் ரோட்டுலயே வண்டிய நிப்பாட்டிருங்க, நான் ஜீப்புல ஏத்திட்டுப் போயிருதேன்" என்று தளவாய் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கோயில் வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்துவேன் என்று நானாகவே பத்துப் பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று காலை, சீர்த்தட்டும் வாழைத்தாரும் ஏற்றுகிறோமே, பாரம் தாங்க வேண்டுமே என்று பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றை நாற்பது வரை அடித்துக்கொண்டேன். பிள்ளைக்குப் போட வேண்டிய தங்கக் கம்மல் என் சட்டைப்பையில் இருந்தது. ஒன்பதரைக்குத் தார் ரோட்டிலிருந்து இறங்கி, திருகை மணல் படத்துக்குத் திருப்பினேன்.

முதல் இருநூறு அடி நன்றாகத்தான் போனது.

"பாத்தியாளா?" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் செல்வராணி.

முதல் மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. நான் அமுக்கினேன். முன் சக்கரம் மணலை வாரி இறைத்தது. பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னவோ யோசித்துக்கொண்டு நின்றது. இன்னும் அமுக்கினேன். வண்டி முன்னே போகாமல் கீழே போனது. டீங் டீங் என்று ஒரு சத்தம் கேட்டது, திரையில் இங்கிலீஷில் என்னவோ எழுத்து வந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் செல்வராணி.

"பின் சக்கரத்துக்குப் பவர் குடுக்கிற பெட்டி சூடாயிட்டாம். ஆற விடணுமாம்."

"எவ்வளவு நேரம்?"

"அது போடல."

"உங்களுக்கும் அதுக்கும் நல்ல பொருத்தம்" என்றாள் அவள். "சட்டுனு சூடாயிருதீய, எப்ப ஆறும்னு யாருக்கும் தெரிய மாட்டேங்குது."

இறங்கிப் பார்த்தேன். வண்டியின் வயிறு மணலில் பதிந்து கிடந்தது. மணி ஒன்பது ஐம்பது. நடந்து போய்விடலாம் என்று வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு, ஆபரேஷன் செய்த முழங்கால். ஒரு அடி எடுத்து வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கியது. செருப்பு ஒன்றை மணல் வாங்கிவைத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். செல்வராணி ஏசியில் உட்கார்ந்திருப்பது நன்றாகவே தெரிந்தது. தாரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அந்த ஜீப்பின் சத்தம் வந்தது. தளவாய் இறங்கி வந்து குனிந்து டயரைப் பார்த்தான்.

"காத்து எவ்வளவு வச்சிருக்கீய மச்சான்?"

"நாப்பது."

அவன் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"ஏறுங்க, நேரமாவுது" என்றான்.

"சத்தியம் பண்ணியிருக்கேன் மாப்ள."

"நான் ஒரு கற்பூரத்தையும் அடிக்கல" என்று சொல்லிக்கொண்டே செல்வராணி சீர்த்தட்டோடு போய் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒரு வழி சொன்னேன். என் வண்டியைக் கயிறு கட்டி ஜீப் இழுக்கட்டும், நான் என் வண்டியிலேயே உட்கார்ந்து கோயில் வாசலில் போய் இறங்குகிறேன். தளவாய் மறுபேச்சுப் பேசாமல், டயர் தளர்ந்தால்தான் மணலில் புதையாது என்று என் டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினான். கயிறு கட்டினான். ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி உண்டு, அதுதான் லோ கியர். அதைக் கீழே இழுத்தான். ஜீப் உறுமியது. என் வண்டி மணலிலிருந்து எழுந்து முப்பது அடி நகர்ந்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த மேட்டில் கயிறு அறுந்துவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு பழைய குழிக்கே வந்து சேர்ந்தது.

மணி பத்து பன்னிரண்டு. போன் அடித்தது. சரண்யா.

"எண்ணே, எங்கன இருக்க?"

"பக்கத்துலதாம்ளா. வந்துட்டேன்."

"நம்ம சித்தப்பா மகன் பேச்சிராஜா மடியில வச்சுக் குத்திரலாம்னு எங்க அத்தை சொல்லுதாவ. அவன் அப்பத்துல இருந்தே மடியத் தட்டிக்கிட்டு நிக்கான். நான் மாட்டேன்னுட்டேன்." அவள் குரல் உடைந்தது. "எங்க அண்ணன் இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன். ஆனா நேரம் போயிட்டுன்னா என் பேச்சு எடுபடாதுண்ணே."

போனை வைத்தேன். பேச்சிராஜாவின் மடியை நினைத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் கம்மல் டப்பா கிடந்தது. கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சாஸ்தாவே, எப்படியும் உன்கிட்டதான் வாரேன். கோவத்த நேர்ல வச்சுக்கிடுவோம்."

ஏறிவிட்டேன். முன் சீட்டில் செல்வராணி இருந்ததால் பின்னால்தான் இடம். அங்கேயும் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அதன் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. உருண்டை உருண்டையாக என்னவோ இடித்தது.

"இதுல என்ன மாப்ள?"

"கோயிலுக்குச் சேர வேண்டியது" என்று மட்டும் சொன்னான்.

ஜீப் ஓடவில்லை, நடந்தது. நாலு சக்கரமும் ஒரே சீராக மணலைப் பிடித்து, எந்தப் படமும் எந்தத் திரையும் இல்லாமல் மேட்டில் ஏறி இறங்கியது. நான் ஒன்றும் அசந்துபோகவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

பத்து இருபத்திரண்டுக்குக் கோயிலில் இறங்கினோம். பேச்சிராஜா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேவிட்டிருந்தான். "எந்திலே" என்றேன். எழுந்துவிட்டான். சந்தனச்செல்வி என் மடிக்கு வந்ததும் என் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். ஆசாரி காதைத் தொட்டதும் ஊரையே கூட்டினாள். என் பட்டு வேட்டி நனைந்தது. இரண்டாவது கம்மலைத் திருகும்போது மணி பத்து இருபத்தெட்டு. பிள்ளையைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று செல்வராணி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது மணல் பறந்து கண்ணில் விழுந்ததால் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு தளவாய் அந்தச் சாக்கு மூட்டையைத் தூக்கி வந்து கோயில் முன்னால் கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அவிழ்த்தான். உள்ளே முழுக்கத் தேங்காய்.

"இதெல்லாம் எதுக்குளா?" என்று சரண்யாவிடம் கேட்டேன்.

"நூத்தியெட்டு விடலைத் தேங்கா. நீ திரும்ப என்னைக்கு இவுக ஜீப்புல ஏறுதியோ, அன்னைக்கு ஓடைக்கேன்னு சாஸ்தாவுக்கு நேந்திருந்தேன்."

"எப்ப நேந்த?"

"ஷோரூம்லயே. நீ கற்பூரத்த அடிச்சுட்டு வலிக்காத மாதிரி நின்னியே, அப்பவே."

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. "ஏளா, நான் ஏறுனதே இப்பத்தான். தேங்கா எப்ப ஏறுச்சு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்தான்.

"காலையிலயே ஏத்திட்டோம்ணே. நான் சாஸ்தாவ நம்புனேன். இவுக உன் வண்டிய நம்புனாவ."

செல்வராணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசாரியும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நாலு மாதமாக நான் ஜீப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பினபோதெல்லாம், இவள் ஒரு பக்கம் அண்ணனையும் ஒரு பக்கம் புருஷனையும் வைத்துக்கொண்டு சாமியிடம் போய் நின்றிருக்கிறாள். கை அரித்தது. கற்பூரம் சுட்ட தழும்பு உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

"தள்ளுங்க, நானே ஓடைக்கேன்" என்றேன்.

நூற்றெட்டையும் அந்தக் கையாலேயே எடுத்துக் கல்லில் அடித்தேன். தொண்ணூறு தாண்டும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தளவாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஒருதடவைகூட என் வண்டியைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை புதுக் கயிறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினான். செல்வராணி வந்து முன் கதவில் கை வைத்தாள்.

"நீ பின்னால ஏறு" என்று சொல்லிவிட்டு நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.