மரியாதையான நீக்கம்

மட்நோக் துறைமுகத்தில் என் சித்தப்பா தோமிங்குக்கு அந்தச் செய்தி காலைக் காப்பி நேரத்தில் வந்தது. சமார் தீவுக்குப் போகும் கப்பலில் கயிறு கட்டுவது அவர் வேலை. கூட வேலை செய்பவர் ஒருவரின் மனைவி, சித்தப்பாவின் மகள் ரெமலின் படித்த மாகாணப் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் இருந்தாள். அந்த ஆள்தான் வந்து முதுகில் தட்டினார்.

"தோமிங், உன் பொண்ண காலேஜ்ல இருந்து நீக்கிட்டாங்களாமே?"

"என்னது? எதுக்கு?"

"அது தெரியல. ஆனா மரியாதையா நீக்கியிருக்காங்களாம். என் பொண்டாட்டிதான் அந்தப் பேப்பர எடுத்துக் குடுத்தாளாம்."

சித்தப்பா உடனே எனக்குப் போன் போட்டார். நான் தலைநகரத்தை ஒட்டிய கேசோன் சிட்டியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஒரு பெரியவரின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன்.

"டெலியா, மரியாதையா நீக்குறதுன்னா என்னம்மா? கன்னத்துல அறைஞ்சுட்டு அதே கன்னத்துல முத்தம் குடுக்கிற மாதிரியா?"

"இல்ல சித்தப்பா. ஒரு யுனிவர்சிட்டில இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா அந்தப் பேப்பர் வேணும். அதுக்குப் பேரே அதுதான். அது நல்ல பேப்பர்."

"நல்ல பேப்பருக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு?"

டாக்டர் முறைத்தார். "அவ இப்ப எங்க?" என்று சித்தப்பா கேட்டார். என் அறையில், என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவைப் பார்க்கப் போகிறேன், நாலு நாளில் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

ரெமலின் கம்ப்யூட்டர் சயன்ஸில் இரண்டு வருடம் முடித்திருந்தாள். வகுப்பில் அவள்தான் முதல். ஆனால் அவள் படிக்க ஆசைப்பட்ட பாடங்களை நடத்த அங்கே ஆள் இல்லை. ஆகவே யாரிடமும் சொல்லாமல் தலைநகரத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தாள். பதில் வந்தது. அந்தப் பதிலை நானும் அவளும் மாறி மாறிப் படித்தோம். பல்கலைக்கழகம் அவளை ஏற்றுக்கொண்டது. ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு அங்கே சொற்ப இடங்கள்தான். அவள் காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது. கிடைக்காவிட்டால் புள்ளியியலில் சேரலாம். எதில் சேர்ந்தாலும் பழைய இடத்திலிருந்து அந்த நீக்கப் பேப்பர் வந்தாக வேண்டும்.

"அப்ப நீ சேர்ந்துட்டியா இல்லியா?" என்று கேட்டேன்.

"சேர்ந்துட்டேன் மனாய். ஆனா எதுலன்னு தெரியல." எங்கள் ஊரில் அக்காவை மனாய் என்றுதான் கூப்பிடுவோம்.

மறுநாள் நான் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன். துறை அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் மேம் நோரா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் ஒரு சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்.

"சேர்ந்தவங்கள்ல யாராவது விலகினா இடம் வரும்மா. முதல்ல வரிசையில முதல் ஆளக் கூப்பிடுவேன், அப்புறம் ரெண்டாவது ஆள், அப்புறம் நீ."

"எப்ப தெரியும் மேம்?"

"வெள்ளிக்கிழமை பதிவு முடியுது. அப்பத் தெரியும்."

"வெள்ளிக்கிழமை நிச்சயமா?"

"புயல் வருதுங்கறாங்க. வந்தா ஆபீஸ் இருக்காது. ஆபீஸ் இல்லன்னா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

அந்த வாரம் முழுக்க ரெமலின் அந்த ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். போன் வரும், வீட்டில் இரு என்று மேம் நோரா சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அங்கேதான் ஜோவித்தைப் பார்த்தாள். அவனைப் பற்றி அவள் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஜோவித் அதே துறையில் இரண்டு வருடம் முடித்தவன். பென்கெத் மலையில் லா திரினிதாத்துக்காரன். கணக்குப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் என்பதால் ஊரே கூடி அவனை இங்கே அனுப்பியிருந்தது. அவன் கையிலும் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஜன்னல் வரைக்கும் போவான், திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவான். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அவளிடமே கேட்டுவிட்டான்.

"நீ வெளிய போறியா, உள்ள வர்றியா?"

"வர்றேன். அதாவது, வரலாம். நீ?"

"போறேன். அதாவது, போகலாம்." சிரித்தான். "எங்க ஊர்லயே ஒரு அரசாங்க யுனிவர்சிட்டி இருக்கு. அங்க விவசாயம் படிக்கலாம்னு பாக்கறேன். ரெண்டு வருஷமா ராத்திரி பகலா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருக்கேன். இது எனக்குப் பிடிக்குதா பிடிக்கலையான்னே தெரியல. மார்க் நல்லாத்தான் வருது. அதான் இன்னும் குழப்பமா இருக்கு."

வாசலில் மீன் உருண்டை விற்கும் வண்டிக்குப் போய் இரண்டு பேரும் குச்சியில் குத்தித் தின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சாஸ் சொட்டாமல் தின்பதற்காகக் குனிந்தபடியே அவன் கேட்டான்.

"உனக்கு என்னைத் தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் போகாதேங்கறாங்க. தெரியாத ஆளு நீ சொல்லு. நான் போகட்டுமா?"

ரெமலின் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்ததாக அவளே என்னிடம் சொன்னாள்.

"என்கிட்ட கேக்காத."

"ஏன்?"

"நான் உன் இடத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். உன் இடம்னு இல்ல, யாராவது ஒருத்தர் இடம். நீ போனா எனக்கு முன்னாடி இருக்கிற ஆள் ஒருத்தர் குறையும். நான் போன்னு சொன்னா அது எனக்காகச் சொன்னதா ஆயிடும். போகாதன்னு சொன்னா பொய் சொன்னதா ஆயிடும்."

அவன் குச்சியை வண்டியோரத் தொட்டியில் போட்டானாம். "சரியாப் போச்சு," என்றானாம் பிறகு. "இதுவரைக்கும் போனா எங்கப்பாவுக்கு என்ன ஆகும்னுதான் யோசிச்சேன். இனிமே போகலன்னா உனக்கு என்ன ஆகும்னும் யோசிக்கணும்."

"நீ என்னப் பத்தி யோசிக்காத."

"நீ சொன்னதுக்கு அப்புறம் எப்படி யோசிக்காம இருக்கறது? லூசு!"

அன்று விண்ணப்பத்தைக் கொடுக்காமலேயே அவன் போய்விட்டான். ரெமலின் என் அறைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நல்லது செய்தாளா, முட்டாள்தனம் செய்தாளா என்று என்னைக் கேட்டாள். "ரெண்டும்" என்றேன். தலையணையால் என்னை அடித்தாள்.

வியாழக்கிழமை சித்தப்பா வந்து இறங்கினார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் மட்நோக்கில் கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்து மகளைப் பற்றி யோசிப்பதைவிட மகளிடமே வந்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டார். கையில் ஒரு பை கருவாடு. அவர் மகளைத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரச் சட்டையோடு கட்டில் முனையில் உட்கார்ந்தார்.

"வர்ற வழியில உன் காலேஜுக்குப் போனேன். பேசினேன். அந்தப் பேப்பரக் கொண்டுபோய்த் திரும்பக் குடுத்துட்டா மறுபடி சேத்துக்குவாங்களாம். அடுத்த வாரம் வரைக்கும் டைம் இருக்கு."

"அப்பா, இங்க இடம் வந்தாலும் வரும்."

"வந்தாலும் வரும்னா?"

"மூணாவது ஆள் நான்."

"மூணு இடம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல இப்போ."

"இல்லாத இடத்துக்கு மூணாவது ஆளா?" சித்தப்பா என்னைப் பார்த்தார். "உனக்காவது புரியுதா டெலியா?"

புரியவில்லை என்று தலையாட்டினேன். புள்ளியியலும் இருக்கிறது என்று ரெமலின் சொன்னாள். அது என்ன என்று கேட்டார். எண்ணி வைப்பது என்றாள். கப்பலில் ஏறுகிற ஆட்களை நானும்தான் எண்ணுகிறேன், அதற்கு நாலு வருடமா என்றார். அவள் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள். சற்று முன்வரை எந்த இடமும் உறுதியாகாமல் இருந்தவளை இப்போது பழைய கல்லூரி திரும்பக் கூப்பிட்டது, புள்ளியியல் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தது, கம்ப்யூட்டர் சயன்ஸ் பதிலே சொல்லவில்லை. எதுவும் இல்லாதபோதுகூட இவ்வளவு குழம்பவில்லை என்று அவள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை புயல் வந்தேவிட்டது. அரசு அலுவலகங்கள் எல்லாம் மூடல். பதிவுக் கடைசி நாள் தள்ளிப்போனதா, முடிந்துபோனதா என்று யாருக்கும் தெரியவில்லை. மாணவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று பேரும் ஒரே அறைக்குள், மழை நாளில் எங்கள் வழக்கப்படி சாக்லேட் கஞ்சி காய்ச்சிக் கருவாட்டோடு தின்றபடி அடைந்து கிடந்தோம். சித்தப்பா என் கதவின் கீல் சத்தத்தைச் சரிசெய்தார். அது முடிந்ததும் ஜன்னல். அது முடிந்ததும் செய்ய ஒன்றுமில்லாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடிக்கணினியில் ஏதோ ஒரு பாடத்தைத் திறந்து வைத்துத் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே வாய்க்குள் பேசிக்கொண்டாள். ஒருமுறை தானாகவே "ஆ, அதானே!" என்று கத்தினாள். சித்தப்பா திடுக்கிட்டார். எதற்குக் கத்தினாள் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தது. பஸ்களும் ஓடத் தொடங்கின. மதிய வண்டியில் ஊருக்குத் திரும்புவது, மகளையும் கூட்டிப்போவது என்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். அவளும் சரி என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் சித்தப்பா எடுத்துவிட்டார்.

"ஆமா, அவ அப்பாதான். மேம், சொல்லுங்க. ... எந்த இடம்? ... முன்னாடி இருந்த ரெண்டு பேரும் வரலியா? ... சரி. ... கடைசி நாள் இன்னிக்குத் தள்ளிட்டாங்களா? ... இப்பவேவா?"

போனை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எதிர்முனையில் மேம் நோராவின் குரல் எனக்கே கேட்டது: "வர்றாளா இல்லையா சொல்லுங்க அண்ணே, நான் அடுத்த ஆளக் கூப்பிடணும்."

"வர்றா மேம்," என்றார் சித்தப்பா.

போனை வைத்ததும் நான் கேட்டேன், "என்ன சித்தப்பா, ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்க?"

"ஆமா, அப்படித்தான் வந்தேன்." அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா வர்றாளா இல்லையான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னு என்னக் கேக்காத."

ரெமலின் தலைகூடத் துவட்டாமல் ஓடினாள். போய்ப் பதிவு செய்துவிட்டாள். மாலையில் வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"யாரோட இடம்னு கேட்டேன் மனாய். பேர் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஜோவித்துக்கு மெசேஜ் போட்டேன், போய்ச் சேரவே இல்ல."

வகுப்புகள் தொடங்கின. முதல் நாள் ஜோவித் இல்லை. அந்த வாரம் முழுவதும் இல்லை. வாத்தியார் அவன் பெயரை வாசிக்கும்போதெல்லாம் யாரும் பதில் சொல்லவில்லை. பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதே என்று நான் சமாதானம் சொன்னேன். பட்டியலை மாற்ற நாளாகும் என்று அவள் சொன்னாள். கனவு கண்ட வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவன் வந்தான். ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு, தூங்கி எழுந்த முகத்தோடு, வகுப்பின் பின்பக்கக் கதவு வழியாக. புயலுக்கு முந்தின நாள் வீட்டில் பேசிவிடலாம் என்று ஊருக்குப் போயிருக்கிறான். மலைச்சாலை சரிந்து, செல்போன் கோபுரமும் விழுந்து அங்கேயே மாட்டிக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் ரெமலின் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நீ போயிட்டேன்னு நினைச்சேன்!"

"போனா உனக்கு நல்லதுதானே? ஏன் அடிக்கிற?"

"தெரியல!"

அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டானாம். அப்பா முட்டைக்கோஸ் வயலுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாராம். அவனும் பின்னாலேயே போய் நாள் முழுக்க வேலை செய்திருக்கிறான். சாயங்காலம் இடுப்பு விட்டுப்போனது. விவசாயம் பிடிக்கிறதா என்பதும் இப்போது அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆகவே இன்னும் ஒரு அரையாண்டு இருந்து பார்க்கிறான்.

ரெமலின் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவள் பழைய பாடங்களில் பாதியைத் துறை ஏற்றுக்கொள்ளவில்லை. சில பாடங்களை முதல் வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்கிறாள். முதல் தேர்வில் தோற்றாள். ஊரில் ஒரு பாடத்திலும் தோற்காதவள் அன்று என் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கால்களை ஆட்டியபடி, விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊருக்கே போயிருக்கலாமோ?" என்று கேட்டேன்.

"தினம் காலையில அப்படித்தான் தோணுது," என்றாள். "மத்தியானம் வகுப்புல அந்த வாத்தியார் ஏதாவது ஒண்ணு சொல்லுவாரு. உடனே மறந்துடுது."

பிறகு இறங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தோற்ற கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். நான் சோறு வைக்கப் போனேன்.