ஒரே பெயரில் இரண்டு நிறுத்தங்கள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, திருட்டு. திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் ஒருத்தி போனில், "மூடலைடீ, பக்கத்துல இன்னொண்ணு கட்டிட்டேன். அதான் பழசே ஓடிக்கினு கீது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இறங்குவதற்குள் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. அர்த்தம் பிடிபடத்தான் மூன்று நாள் யூட்யூப் பார்க்க வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய விடியலில் சுலோச்சனா... (அடித்துவிட்டேன். மே மாதத்தில் விஜயபுரத்துப் பக்கம் ஏது பனி?)

இரண்டாவது: ஹரிப்ரியாவின் நைனா பக்கிரிசாமி, மகளின் லேப்டாப்பைத் தொட்டுக் கும்பிட்டு... (வேண்டாம். இவர் வந்தால் எல்லாரையும் அழவைத்துவிடுவார். மன்னிக்கணும் பக்கிரிசாமி.)

நேராகவே சொல்கிறேன். ஹரிப்ரியா திருப்பதியில் ஒரு சின்ன மென்பொருள் ஆபீஸில் சேர்ந்து மூன்றாவது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் அம்மா சுலோச்சனா, விஜயபுரத்துப் பக்கத்து ஊரிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவள். கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. மெயின் ரோடு வரை இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. ஏழு பெண்கள் சேர்ந்து எழுதிக் கேட்டதில், வரலாம் என்று உத்தரவாகிவிட்டது. பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லும் புரோகிராமை மாற்றுகிற வேலை, பார்த்தால், ஹரிப்ரியாவின் மேசைக்கே வந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

3

(கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) புரோகிராமில் தாய் வகுப்பு, அதாவது கிளாஸ், என்று ஒன்று; அதில் 'நிறுத்தம்' என்று ஒரு மெத்தட். இன்ன கிழமை என்று நாளைக் கொடுத்தால், பஸ் நிற்குமிடம் 'மெயின் ரோடு' என்று சொல்லும். அதிலிருந்து பிறந்த சேய் வகுப்பில், அதே பெயரில், அதே நாளை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி எழுதினால் புதியது பழையதை மூடிவிடும். அது ஓவர்ரைடிங். வாங்குவதில் ஒன்று கூடினாலும் மூடாது. ஒரே பெயரில் இரண்டும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும். எதைக் கொடுத்துக் கூப்பிடுகிறோமோ அதற்கேற்றது எழுந்து வரும். அது ஓவர்லோடிங்.

ஹரிப்ரியா நாளோடு ஷிப்டையும் சேர்த்துவிட்டாள். அவள் வீட்டில் 'வெள்ளிக்கிழமை' என்று யாரும் சொல்வதில்லை, 'வெள்ளிக்கிழமை ஏ ஷிப்டு' என்பார்கள். ஷிப்டு தெரியாத நாள் அவர்களுக்கு நாளே இல்லை. இரண்டையும் கொடுத்து அவள் சோதித்தபோது, ஊருக்குள் புது நிறுத்தமான 'ரேஷன் கடை' என்று அழகாகச் சொன்னது. ஆனால் மெயின் புரோகிராம் நாளை மட்டும் கொடுத்துக் கூப்பிட்டது. பழையதுதான் எழுந்து வந்தது.*

(* புது மெத்தடின் தலைக்கு மேல் 'ஓவர்ரைட்' என்று ஒரு வரி போட்டிருந்தால், எதையும் மூடவில்லையே என்று கம்ப்யூட்டரே கத்தியிருக்கும். பாவி மகள், போடவில்லை.)

4

திங்கட்கிழமை விடியும் முன்பே அம்மா போன் செய்தாள்.

"என்னாடி, ஊருக்குள்ள வரும்னு நீதான சொன்ன? ஏழு பேரும் ரேஷன் கடையாண்ட நின்னுக்கினே கீறோம், அது மெயின் ரோட்டோட பூட்ச்சி!"

ஆபீஸில் டீம் தலைவர் நரசிம்மன் தெலுங்கு கலந்து கேட்டார்: "ஏம்மா, உங்க ஊராளுங்க டைமுக்கு ராலேதாமே, வரலையாமே? ஏழு பேருக்கும் ஆப்சென்ட். கம்பெனில புது ஸ்டாப்பையும் கேன்சல் பண்றாங்களாம்."

ஹரிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் வேலை தப்பும். இவள் பேசுவாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"சார், அவங்க வந்து நின்னுக்கினுதான் இருந்தாங்க. எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க. தப்பு என் கோடுல சார்."

சத்தியமாக நான் சொல்லவைக்கவில்லை, அவளே சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நரசிம்மன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆப்சென்டை எடுக்கச் சொல்லி நான் மெயில் போடறேன். நீ இன்னிக்கே சரி பண்ணு. நாளைக்கும் பஸ் ராலேதண்டே, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவள் மெத்தடிலிருந்து ஷிப்டை நீக்கினாள். அந்த 'ஓவர்ரைட்' வரியைப் போட்டாள். கம்ப்யூட்டர் கத்தவில்லை.

5

முடிவு ஒன்று: பஸ் வருகிறது, ஏழு பேரும் கைதட்டி... (போதும்.)

முடிவு இரண்டு: பஸ் மறுபடியும் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. நான் முதலில் எழுதிவைத்தது இதுதான். துக்கமாக முடித்தால் மதிப்பு என்று ஒரு கெட்ட பழக்கம். ஹரிப்ரியா பேசியதற்குப் பிறகு அதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் முடிவை நீங்கள் எழுதுகிற முடிவால் மூடிவிடுங்கள். நான் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: செவ்வாய்க்கிழமை, காலை நாலு நாற்பது, ஏழு பெண்கள், தூரத்தில் ஒரு ஹெட்லைட். மழை, தத்துவம் என்று கூடுதலாக எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் என்னுடைய பழைய முடிவே எழுந்து ஓடும், அவர்கள் மறுபடி நடக்க வேண்டிவரும்.

சுலோச்சனா கையை நீட்டிவிட்டாள். சீக்கிரம் எழுதுங்கள்.