மூன்றாவது படம்

படத்தில் கோடு எங்கே நகர்ந்தாலும் அப்பாவின் கை வெட்டுப்பட்டது.

ஆர்த்தி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு படத்தை இடமும் வலமுமாக இழுத்துப் பார்த்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அப்பா தாண்டவராயன் விடிகாலையில் பல் தேய்க்கப் போனவர், குழாயடியிலேயே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்காக இன்ஸ்டாகிராமில் போட்டுவிடச் சொன்னவர் பெரியப்பா சவுரிராயன். அப்பா வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, குடும்பமே வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட நீளப் படம். இடது பக்கம் பெரியப்பா வீட்டார். நடுவில் அம்மா, ஆர்த்தி, அப்பா. வலது கோடியில் அக்கா பவானி. அவள் தோளில் அப்பாவின் கை.

அதை அப்படியே போட்டால் முகமெல்லாம் கடுகாகிவிடும். மூன்று சதுரமாக வெட்டி அடுத்தடுத்து வைத்தால், விரலால் தள்ளத் தள்ள ஒரே படமாக ஓடும். ஆர்த்தி வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு இதைத் தினமும் செய்கிறாள். வெட்டின இடம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் வித்தை. அழுகை வராத காலையில் கைக்குப் பழகின வேலை ஒன்று கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

"ரெண்டு போதும்," என்றார் பெரியப்பா, பின்னால் வந்து நின்று. "அந்தக் கடைசிய எடுத்துடு."

பவானி நாலு வருஷத்துக்கு முன் தானாக ஒருவனைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனவள். திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். அதற்கப்புறம் இந்த வீட்டில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. காலையிலேயே பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அவளுக்கு யாராச்சும் போன் பண்ணீங்க, நானும் எம்புள்ளையும் கெளம்பிக்கினே இருப்போம். கொள்ளி வைக்க வேற ஆளப் பாத்துக்குங்க."

அப்பாவுக்கு மகன் கிடையாது. பெரியப்பாவின் மகன் மணிமாறன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அதனால் ஆர்த்தி போன் பண்ணவில்லை. பயம்தான், வேறென்ன.

மூன்றாவது படத்தை எடுத்துவிட்டு, போடுவதற்கு முன் அம்மாவிடம் காட்டினாள். அம்மா தையல்நாயகி ஒரு விரலால் தள்ளினாள். பெரியப்பா வீட்டார் போனார்கள், அவள் புருஷன் வந்தார். இன்னொரு தடவை தள்ளினாள். படம் லேசாக ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடியும் தள்ளினாள்.

"அவரு கையி எங்கடி?"

"அது அடுத்ததுல இருக்குதும்மா."

"அடுத்தது எங்க?"

ஆர்த்தியின் கண் பெரியப்பா பக்கம் போயிற்று. அம்மா பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

"மாமா, மனுசன் முழுசாத்தான் இருந்தாரு. கையில்லாம ஊருக்குக் காட்டாதீங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "படந்தான, போட்டுக்க. போன் கீன்னு மட்டும் போவாத."

மூன்றையும் ஏற்றினாள். விலாசமும், எடுக்கும் நேரம் மதியம் மூன்று மணி என்பதும் எழுதினாள். பிறகு மூன்றாவது படத்தில் அக்காவின் முகத்தைத் தொட்டாள். யார் இது என்று போன் பெயர் கேட்டது. பவானியின் இன்ஸ்டாகிராம் பக்கம் அவளுக்குத் தெரியும். அக்கா குழந்தையின் படங்களை ஒரு லைக்கும் போடாமல் இரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள். பெயரைக் கொடுத்தாள். அக்காவின் போனுக்குத் தகவல் போய்விடும். யாரும் போன் பண்ணவில்லை, யாரும் சொல்லவில்லை. தன் சாமர்த்தியம் அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. அப்போது மணி பத்தரை.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வளவனூர் அத்தை வந்து அழுதாள். காணையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஆர்த்தி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வாசலில் ஒரு தலை தெரியும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மணிக்கு அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். மணிமாறன் ஈர வேட்டியோடு ஓரமாக நின்றான். பூ கட்டிய வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

போனைத் திறந்தாள். எண்பத்தாறு பேர் எழுதியிருந்தார்கள், எண்பத்தாறும் ஒன்றுபோல. கடைசிக்கு முந்தியது பவானியுடையது.

'ஆழ்ந்த இரங்கல்.' பக்கத்தில் ஒரு கும்பிடும் கை.

முன்பின் தெரியாதவர் வீட்டுச் சாவுக்குப் போடுவது. ஆர்த்தி அதை நாலைந்து தடவை படித்தாள். சாவு என்றால் ஒரு வாய் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல், படத்தில் பேரை ஒட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. எழுந்து கூடத்து நடுவில் வந்து, எல்லோர் முன்னாலும் அக்காவின் நம்பரை அழுத்தினாள்.

"அக்கா. அப்பா செத்துட்டாருக்கா. வா."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. குழந்தை எதற்கோ சிணுங்கியது.

"எங்கக்கா இருக்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"விழுப்புரத்துலயா?"

"இங்கதான், திண்டிவனத்துல. பன்னெண்டு மணிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்கேன். யாராச்சும் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்."

ஆர்த்தி போனை இறக்கினாள். "அக்கா பஸ் ஸ்டாண்டுல இருக்கா," என்றாள், யாரிடம் என்றில்லாமல். மணிமாறன் ஆணியில் தொங்கிய தன் சட்டைக்குள் கைவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்து நீட்டினான். பெரியப்பா பக்கம் அவன் திரும்பவில்லை.

"பெட்ரோலு இருக்குது, போ."

வெளியே ஸ்கூட்டி போக வழியில்லை. பூ கட்டிய வண்டி சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஆர்த்தி ஸ்டார்ட் பண்ணி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். பெரியப்பா படி இறங்கி வந்தார். அவளைத் தாண்டிப் போய், வண்டிக் கதவை உள்ளங்கையால் தட்டினார்.

"டிரைவரு, ரிவர்ஸ் எடுப்பா. பொண்ணு போவணும்."

அப்பாவை ஏற்ற வந்த வண்டி, பீப் பீப் என்று கத்திக்கொண்டே தெருமுனை வரைக்கும் பின்னால் போயிற்று.