சிந்தாத மூக்கு

இன்னொரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்கு வாய் கூசியது. அந்தக் கூச்சம் ஒரு பெண்ணின் கண்ணில் போய் முடியும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

என் பெயர் நுகுய். ஜப்பானில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கார்பன் கதிர் சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். முகம் அசையாமல் இருக்க முகமூடி செய்வது, ஸ்கேன் எடுப்பது, தினமும் நோயாளியைக் கட்டிலில் கிடத்திக் கதிர் விடுவது எல்லாம் என் வேலை. போன மார்ச் மாதம் ஒரிமோ நொபுயோ என்ற அம்மா வந்தார். வயது அறுபத்தெட்டு. வலது மூக்குக்குள் புற்றுக்கட்டி, கண்ணின் பின்புறம் வரை வளர்ந்திருந்தது. கத்தி வைத்தால் கண்ணையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. ஆக, இருப்பது அந்த ஒரு கண்தான்.

கூடவே கணவர் தோகுஜி வருவார். பிறவியிலேயே காது கேட்காது. நாற்பது வருடமாக இருவரும் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர் கை சொல்வதைப் பார்க்க அந்த அம்மாவுக்கு அந்தக் கண் வேண்டும். அது போனால் வீட்டில் பேச்சே போய்விடும்.

முகமூடி செய்த அன்று தோகுஜி அந்தத் துளைத் துளையான பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை வேகமாக ஆட்டினார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"ரொம்ப நேர்த்தியா செஞ்சிருக்கீங்களாம்."

மனிதர் மனைவியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு முறைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்: 'உதோன் நூடுல்ஸ் வடிக்கிற சல்லடை மாதிரி இருக்கு என்று சொன்னேன். இவள் மொழிபெயர்ப்பை நம்பாதே.'

"ஐயோ, இவரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய!" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்தது ஸ்கேன். கார்பன் கதிர் கெட்டிக்காரக் கதிர். சொன்ன இடம் வரை போய் அங்கேயே நின்று, நிற்கிற இடத்தில் பலத்தையெல்லாம் இறக்கிவிடும். ஆனால் போகிற வழியில் என்ன இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். சளி இருந்தால் சீக்கிரம் நிற்கும். வெறும் காற்று என்றால் மேலும் சில மில்லிமீட்டர் ஓடும். அதனால் ஸ்கேனுக்கு முன்னும், தினமும் கதிர் விடுவதற்கு முன்னும் மூக்கைச் சுத்தமாகச் சிந்த வேண்டும்.

அதுவோ தேவதாரு மகரந்தம் பறக்கும் காலம். ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தது. ஜப்பானில் ரயில் முழுக்க உறிஞ்சலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் முன்னால் சிந்தினால்தான் மானம் போய்விடும்.

"மூக்கைச் சிந்திட்டீங்களாம்மா?"

"ஆச்சு."

குரல் அடைத்திருந்தது. சொன்ன கையோடு ஓர் உறிஞ்சல் வேறு. டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு நான் ஒரு நிமிடம் வெளியே போயிருக்கலாம். என் அம்மா வயது, அவ்வளவு பாந்தமான பெண், ஆச்சு என்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது? படுக்கச் சொன்னேன். படத்தில் மூக்குக் குழி சாம்பல் நிறமாக அடைத்துக்கொண்டு தெரிந்தது. கட்டியால் தேங்கிய நீர், அது அங்கேயேதான் இருக்கும் என்று நினைத்து டாக்டர் கணக்குப் போட்டார். எனக்குச் சந்தேகம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

கதிர் விடுவது மொத்தம் பதினாறு தடவை. தினமும் எக்ஸ்ரேயில் எலும்பைச் சரிபார்ப்போம். எலும்பு கச்சிதமாகப் பொருந்தியது. சளி இருக்கிறதா இல்லையா என்பது அதில் சரியாகத் தெரியாது. ஐந்து நாளும் தலையை மட்டும் குனிந்துவிட்டுப் படுத்துக்கொண்ட அந்த அம்மா, ஆறாவது நாள் உள்ளே வந்து, "காலை வணக்கம், நுகுய் சான்" என்றார். மணி அடித்தாற்போல் குரல். முகமூடியை எடுத்த கையோடு அதைக் கீழே வைத்தேன்.

"மூக்கடைப்பு எப்போ போச்சும்மா?"

"தினமும் சிந்திட்டுத்தானே வர்றேன். நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க. டாய்லெட்ல தண்ணியத் திறந்துவிட்டுச் சிந்துவேன், சத்தம் வெளிய கேக்காது பாருங்க."

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

அன்றைய சிகிச்சையை நிறுத்தினேன். மறுபடி ஸ்கேன் எடுத்தோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஐந்து நாளும் கதிர் சளியில்லாத குழியில் ஓடி, குறித்த இடத்தைத் தாண்டிக் கண் நரம்பில் இறங்கியிருந்தது.

டாக்டர் யாஜிமா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, மேஜை மேல் நெற்றி படுமளவுக்குத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். இனி இரண்டு வழி என்றார். நரம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் கட்டியின் ஓரத்துக்குக் கதிரைக் குறைக்க வேண்டும், கட்டி திரும்ப வரலாம். கட்டிக்கு முழு அளவு கொடுத்தால் இரண்டு மூன்று வருடத்தில் பார்வை போய்விடலாம்.

"என்னாலதான் எல்லாருக்கும் தொந்தரவு. மன்னிச்சுக்கணும்" என்று அந்த அம்மா பதிலுக்குக் குனிந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை திட்டக்கூடாதா? "கட்டிய மிச்சம் வைக்காதீங்க டாக்டர். முழுசா குடுங்க" என்றார் அந்த அம்மா.

"வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றார் டாக்டர்.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பி இரண்டு கை அசைவில் எதையோ சொன்னார். "கேட்டுட்டேன். சரிங்கறார்."

அந்த அம்மா முகம் கழுவப் போனதும் தோகுஜி நடைக்கு வந்து நோட்டை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். 'டாக்டர் ஏன் தலை குனிந்தார்? நேரமானதற்கு மன்னிப்பு என்கிறாள். பொய் சொன்னால் அவள் புருவம் அசையாது. நீ எழுது.'

மனைவியே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று பழைய புத்தி தலையெடுத்தது. இருந்தும் பேனாவை வாங்கினேன். எல்லாவற்றையும் எழுதினேன், சந்தேகம் வந்தும் நான் பேசாமல் இருந்ததையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இரண்டு தடவை படித்தார்.

திரும்பி வந்த அந்த அம்மா நோட்டையும் என்னையும் பார்த்தார். "எழுதிட்டீங்களா, நுகுய் சான்."

தோகுஜி நோட்டைச் சட்டைப்பையில் போட்டார். கட்டைவிரலால் மனைவியின் இமையை மெல்ல இழுத்து மூடினார். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளின் மேல் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவின் விரல்கள் அவர் கை மேல் தடவித் தடவித் தேடின. கண்ணை அவர் திறக்கவில்லை.

"ஒண்ணும் புரியலையே. என்ன சொல்றார், நுகுய் சான்?"

எனக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியாது. தோகுஜி இன்னும் மெதுவாக, முதலிலிருந்து சொன்னார்.